யமினின் சீயக்காய்ப் பானை

“அந்தப் பானைப் பக்கம் போகாதீங்க அத்தை. யமின் கை பட்டா தொத்திக்கும்!”

ஓன்மா ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் ரகசியம் சொன்னால் மாண்டலே முழுக்கக் கேட்கும்.

திஞ்சான் தண்ணீர் விளையாட்டு முடிந்து, புது வருஷம் பிறந்த காலை. பெரியவர்களை உட்காரவைத்து இளசுகள் தலை கழுவிவிடும் நாள். தயோ மரப்பட்டையும் சீயக்காயும் கொதித்த தண்ணீர், தெரு முழுக்கப் பானை பானையாக இருந்தது. எல்லாப் பானைக்கும் வரிசை. யமின் பானைக்கு மட்டும் ஆள் இல்லை.

யமினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அதற்குள் நடுவகிடு அகன்று உச்சி தெரிந்தது. பெற்றவளும் இல்லை, மாமியாரும் இல்லை. ஒரு பெரியவர் தலையையாவது கழுவி ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்று விடியும் முன்பே எழுந்து பட்டை இடித்திருந்தாள்.

“ஏன்டி, எப்படித்தான் கொட்டுச்சு?” ஓன்மாவுக்கு ஆவல் தாங்கவில்லை. “தினமும் ஷாம்பு போட்டியா?”

“ஈரத்தோட கொண்டை போட்டிருப்பா,” என்றாள் ஒருத்தி.

“பிள்ளை பெத்ததுல போயிருக்கும்,” என்றாள் இன்னொருத்தி.

“அதெல்லாம் இல்லக்கா,” என்றாள் யமின். “வம்சத்துல வர்றதாம். பொம்பளைங்களுக்கும் வருமாம். தொத்தாதாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

“பொம்பளைக்கு வழுக்கையா! நல்ல டாக்டரம்மா!”

எல்லோரும் சிரித்தார்கள். யமினும் சிரித்தாள். குனிந்து, கலக்கிய தண்ணீரையே மறுபடி கலக்கினாள்.

அப்போதுதான் மியா யின் பெரியம்மா வந்தார். எழுபது வயது. தேங்காய் அளவு கொண்டை, அதில் சீப்பு, வேங்கைப் பூச்சரம். எந்த வருஷமும் அந்தத் தலையில் யாரையும் கைவைக்க விட்டதில்லை. திமிர் என்றுதான் எங்கள் தெருவில் பேச்சு.

“பெரியம்மா, இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. உங்க தலைக்கு என்னதான் போடுறீங்க?”

“தயோவும் சீயக்காயும்தான். ஷாம்பு தொட்டதில்ல. ஈரத்தலைய முடிஞ்சதில்ல. பிள்ளையும் பெத்ததில்ல.”

“கேட்டியாடி?” ஓன்மாவுக்கு ஜெயித்த சந்தோஷம்.

பெரியம்மா வரிசைகளைப் பார்த்தார். ஆளில்லாத பானையைப் பார்த்தார். நேராகப் போய் யமின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார்.

“ஐயோ, அங்க வேணாம் பெரியம்மா!”

“நீ உன் வேலையப் பாரு.”

பூவை எடுத்தார். சீப்பை எடுத்தார். அப்புறம் கொண்டையையே எடுத்து யமின் கையில் கொடுத்தார்.

என் இடுப்பில் இருந்த சின்னவன் கைதட்டினான்.

வெயிலில் மின்னிய உச்சியைத் தடவிக்கொண்டு பெரியம்மா ஓன்மாவைப் பார்த்தார்.

“எனக்கு உன் வயசுலயே போச்சு. தொத்துறதுன்னா, அப்ப பொறக்கவே பொறக்காத இவ எனக்கு எப்படிடி குடுத்தா?”

பிறகு யமின் பக்கம் தலையைச் சாய்த்தார்.

“நல்லா தேய்ச்சுக் கழுவு தாயி. இந்தத் தலைய இன்னொரு கை தொட்டு எத்தனையோ வருஷமாச்சு.”