சுவரில் விழுந்த தெரு

மாலை வகுப்பில் வீடியோ தயாரிப்புப் பாடம். போட்ட வீடியோவை நூறு பேர் பார்த்தால்தான் தேர்ச்சி என்றார் எங்கள் எதிர்வீட்டுக்காரரான சார்.

நான் இப்னு அல் ஹைதமைத் தேர்ந்தெடுத்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருட்டறையில் ஒளியை ஆராய்ந்த இஸ்லாமிய அறிஞர்.

“செத்துப்போன ஆளுக்கு யாருப்பா லைக் போடுவா? நீ தலைகீழா நின்னாலும் பத்து பேர் தேறாது” என்றார் சார்.

எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் அறையை இருட்டாக்கி, ஜன்னலை அடைத்த அட்டையில் சிறு துளையிட்டேன். வெளியே இருந்த தெரு, சுவரில் தலைகீழாக விழுந்தது. அதைப் படம்பிடித்து, அறிஞரின் பெயரை இரண்டு முறை தெளிவாகச் சொல்லிப் பதிவேற்றினேன்.

மறுநாள் பார்த்தால் ஒரு லட்சம் பேர்! அறிஞர் ஜெயித்துவிட்டார் என்று பூரித்துப்போனேன். அதற்குள் சார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“தம்பி, அந்த வீடியோவத் தூக்கிடு. பாஸ் போட்டுடறேன்.”

“ஏன் சார்? நல்லாத்தானே ஓடுது?”

நான் கருத்துகளைத் திறந்தேன்.

“போனைத் தலைகீழாப் புடிச்சுப் பாருங்க!” என்றது முதல் கருத்து.

பிடித்துப் பார்த்தேன். சுவரில் விழுந்த தெருவில், சார் தன் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டிக்கொண்டிருந்தார்.

“யாருங்க இந்தக் குப்பை கொட்டுற ஆளு?” என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அதற்கு வந்த பதிலுக்கு ஆயிரம் லைக்:

“வீடியோலயே ரெண்டு தடவ சொல்றாங்களே, இப்னு அல் ஹைதம்னு!”