ஆலைக்கு மேலேயும் எண்ணெய்

படகின் பின்புறம், இன்ஜினை ஒட்டிக் கட்டிய கம்பியில் லேசர் கருவி தொங்குகிறது. அதன் ஊதா ஒளி ஆற்றில் புள்ளியாக நடுங்குகிறது. தண்ணீரில் எண்ணெய் இருந்தால் அது பதிலுக்கு ஒளிரும். மடிக்கணினியில் கோடு எகிறும். ஆலையின் கழிவுக் குழாய்க்குக் கீழே எகிறிய கோடு, குழாயைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கம் வந்தும் இறங்க மறுக்கிறது. ஆய்வுக்காரப் பெண் நான்காம் முறையாகக் கருவியின் கண்ணாடியைத் துடைக்கிறாள். "அண்ணே, இங்கயும் எண்ணெய்தான் காட்டுது. ஆறே அப்படித்தான்னு சொல்லி ஆலைக்காரன் தப்பிச்சிடுவான்." படகுக்காரன் தலையில் அடித்துக்கொள்கிறான். மூன்று மாதமாக, வாங்க வருபவர்கள் அவன் மீனை முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடையிலேயே போட்டுப் போகிறார்கள். "உங்க மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா மேடம்? இந்த இடத்துத் தண்ணியிலதான் தினம் வாய் கொப்பளிக்கிறேன்!" கொப்பளித்தே காட்டுவதற்காகக் குனிந்தவன் அப்படியே நிற்கிறான். இன்ஜினின் அடியிலிருந்து ஏழு நிறத்தில் ஒரு படலம் கசிந்து, லேசர் புள்ளியைச் சுற்றி விரிகிறது. "ஒழுகுறது உங்க இன்ஜினா?" "அதுக்குப் பக்கத்துல கட்டச் சொன்னது நீங்கதானே?" காலையிலிருந்து எடுத்த கணக்கு அத்தனையும் குப்பை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்ஜினைத் தூக்கிப் படகுக்குள் போடுகிறான். அவள் கருவியை முன்பக்கம் மாற்றிக் கட்டுகிறாள். மூச்சு வாங்க அவன் துடுப்புப் போட, படகு படலத்தை விட்டு மேலே நகர்கிறது. கோடு பொத்தென்று விழுந்து தரையோடு படுக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. "சிரிச்சது போதும் மேடம். குழாய்க்குக் கீழயும் மறுபடி எடுக்கணும். இன்னொரு துடுப்பு உங்க காலடியிலதான் கிடக்கு."