ராணியின் பக்கம்

ராஜாவின் அறைக்கும் ராணியின் அறைக்கும் நடுவே, பாறையில் கதவில்லாத ஒரு வாசல் வெட்டியிருந்தார்கள். என் மனைவி எல்சி அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். கூட வந்த கும்பல் அடுத்த அறைக்குப் போய்விட்டது. அவள் மட்டும் நகரவில்லை.

யாரை நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். 

சீனாவில் ஷூசோ என்ற ஊரில் எங்கள் மகள் ஃப்ளோரா டாக்டருக்குப் படித்தாள். பட்டமளிப்புக்குப் போயிருந்த எங்களை அந்த மலைக்குக் கூட்டிப்போனாள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா மலையைக் குடைந்து தனக்கும் மனைவிக்கும் அதில் கல்லறை கட்டிக்கொண்டாராம். உள்ளே குதிரை லாயம், கிணறு, சமையலறை எல்லாம் இருந்தன.

பாதையை அடைத்திருந்த கற்கள் ஒவ்வொன்றும் ஆறு டன் என்றாள் ஃப்ளோரா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியே வயசான எனக்கு, கிரேன் இல்லாமல் அதை எப்படித் தள்ளினார்கள் என்பதுதான் ஆச்சரியம். எல்சி சமையலறையைப் பார்த்து, "செத்தப் பொறவும் அடுப்பாண்ட நிக்கணுமா, பாவம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடு வாசலுக்கு வந்ததும் நின்றுபோயிற்று.

ஃப்ளோராவைக் கிட்டே இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். ஃப்ளோரா அதைச் சீன மொழியில் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்க, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள். இன்னா கேட்டே என்றேன். சும்மாதான் என்று சொல்லிவிட்டு எல்சி முன்னால் நடந்தாள்.

எல்சிக்கு நான் இரண்டாவது கணவன். முதல் கணவன் டெரிக். ராயபுரத்தில் அவனைத் தெரியாத ஆளில்லை. மாதா கோயிலில் பாடுவான், பந்தாடுவான், பார்க்கவும் நன்றாக இருப்பான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி அவன் போனபோது எல்சிக்கு இருபத்தாறு வயது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குடும்பக் குழியைப் பல வருஷம் கழித்துத் திறந்து, அடுத்தவரையும் அதிலேயே வைப்போம். காசிமேடு கல்லறையில் டெரிக்கின் கல்லில் இடப்பக்கம் அவன் பெயர் இருக்கிறது. வலப்பக்கம் எல்சிக்கென்று விட்டது. அவள் என்னைக் கட்டிக்கொண்ட பிறகும் டெரிக்கின் வீட்டார் அதில் வேறு பெயர் எழுதவில்லை.

என் அப்பா அம்மாவின் குழி அதற்கு இரண்டு வரிசை தள்ளி. கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகும்போதெல்லாம் அந்தக் காலிப் பக்கம் என்னைப் பார்த்து இளிக்கும். எல்சியின் பெயர் அதில் எவ்வளவு அழகாகப் பொருந்தும் என்று என் கண் தானாக அளக்கும்.

டெரிக்கைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. வாயில் வராத அளவுக்கு ஆசை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அவன் உயிரோடு இருந்தால் நேரே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஓட்டல் அறைக்கு வந்ததும் எல்சி தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். படுத்தவள் மறுபடி எழுந்து போய் இழுத்துப் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம், கேட்டால் திருடன் பயம் என்பாள். உன் திருடன் சீனா வரைக்கும் வந்துட்டானா என்று கேலி செய்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மறுநாள் மியூசியத்தில், பச்சைக்கல் சில்லுகளைத் தங்கக் கம்பியால் கோத்துத் தைத்த உடை ஒன்றைக் காட்டினார்கள். ஒரு ராஜாவைப் புதைக்கும்போது போர்த்தியதாம். ஊர் உலகமே அதைச் சுற்றி நின்று படம் எடுத்தது. செத்தவனுக்கு எதுக்கு இவ்வளவு ஜோடனை என்று நான் எரிந்து விழுந்தேன். ஃப்ளோராவுக்கு ஒன்றும் புரியவில்லை.

போன மாதம் எல்சி போய்விட்டாள். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவளை வீட்டில் கிடத்தியிருந்தபோது டெரிக்கின் தம்பி விமல் வந்தான். நல்ல பையன்தான். என் தோளில் கை வைத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணிக்கு எடம் அங்கயே கீது ஜேக்கப்ணா. கல்லுல பாதிய அப்டியே வுட்டு வெச்சிக்கீறோம். நீ சரின்னா குழி தொறக்கச் சொல்லிர்றேன்."

எல்சியின் முகத்தைப் பார்த்தேன். அந்த வாசலைத் தடவிய விரல்கள் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. இத்தனை வருஷம் அவளை என் பக்கம் வைத்திருந்தேன். இனி அவள் ஆசைப்பட்ட பக்கம் போகட்டும் என்று நினைத்தேன். 

"தொறக்கச் சொல்லு" என்றேன்.

பெட்டியண்டை உட்கார்ந்திருந்த ஃப்ளோரா தலையைத் தூக்கினாள். "வேணாம். தாத்தா பாட்டி குழியில வெய்ங்க."

உங்கம்மா ஆசைம்மா என்றேன். அன்றைக்கு அந்த மலைக்குள் அவள் நின்ற நிலையை நீயும்தானே பார்த்தாய் என்று கேட்டேன்.

"பார்த்தேன். அம்மா கேக்கச் சொன்னத அந்தப் பொண்ணாண்ட கேட்டதும் நான்தான். உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

"இன்னா கேக்கச் சொன்னா?"

ஃப்ளோரா விமலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, என் காதருகே குனிந்தாள்.

"ராணி பக்கம் போட்டுக்கத் தாப்பாள் இருந்துச்சான்னு, ப்பா."