காதில் விழுந்தது

ஆறு மணி நேரமாகத் தம்பி ஹெட்போனைக் கழற்றவில்லை. குளிர்கால விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்தவனோடு பேசிக்கொண்டிருக்கத்தான் அக்கா வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

“போரடிக்குதுன்னு புலம்பினியே, அதுல அப்படி என்னடா பாட்டு?”

“பாட்டு இல்லக்கா. வெறும் இரைச்சல்.”

“காலையிலேர்ந்து இரைச்சல் கேக்கவா உன்னைப் படிக்க வெச்சோம்? நாளைக்குக் கிளம்பிடுவே. என்கூட நாலு வார்த்தை பேசினியா?”

அவன் எழுந்து வந்து ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். உஸ்ஸென்ற இரைச்சல். கோபமாகக் கழற்றப் போனாள். அதற்குள் மெல்லிய விசில் ஒன்று சரிந்து இறங்கி மறைந்தது.

“யாருடா விசிலடிச்சுட்டு ஓடுறது?”

“கேட்டுடுச்சா! இன்னும் கொஞ்சம் இரு.”

இன்னொன்று. பிறகு நீளமாக ஒன்று. அக்காவின் கை தானாகத் தம்பியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“ரொம்ப தூரத்து ரேடியோ ஸ்டேஷன்க்கா. இங்க எட்டாது. மேலே ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே விழும்போது மட்டும் அதுல பட்டுத் திரும்பி நம்மகிட்ட வருது.”

“எது விழும்போது?”

பிறவியிலேயே பார்வையில்லாத அக்காவிடம் அவன் மெதுவாகச் சொன்னான்:

“எரிநட்சத்திரம்க்கா. இந்தப் பட்டப்பகல்ல எங்க யார் கண்ணுக்குமே அது தெரியாது.”