பழசெல்லாம் வந்துரும்

“இனிமே இந்த லேப்டாப்பு வேண்டாங்கக்கா. டேப்லட் வந்துருச்சு. பழசெல்லாம் இதுக்கு மாத்திரலாம்” என்று அட்டைப் பெட்டியைப் பிரித்தான் மனோஜ்குமார்.

ஜோதிமணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மலைமேல், பூண்டி கிராமத்துக்குப் போகிற வழியில் ஒரு வெள்ளைப்பூண்டு விவசாயிகள் சங்கம். ஏழு வருசமா அங்கே ஆபீஸ் வேலை பார்க்கிறவள் அவள். மனோஜ்குமார், வத்தலக்குண்டிலிருந்து வந்த புதுச் செயலாளர். வந்து மூணு நாள்தான் ஆகுது.

பழசு எதுக்குங்க சார், புதுசாவே ஆரம்பிச்சுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தாள்.

“அதெப்படிக்கா. செயலாளர் பாஸ்வேர்டப் போட்டா, இங்கேருந்து யாரு, எந்தத் தேதியில, என்ன அனுப்புனாங்க, என்ன அனுப்பாம வச்சாங்கன்னு அம்புட்டும் தானா வந்துரும். எதையும் மறைக்க முடியாது.”

கூட்டிக்கொண்டிருந்த ராக்காயி விளக்குமாற்றோடு நிமிர்ந்தாள்.

“அப்ப அந்தச் சேனாதிபதி செஞ்ச சோலியும் வருமா தம்பி?”

“வரும்.”

“வரட்டும். என் கண்ணால பாக்கணும்.”

சொன்னவள், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த சந்தனத்தைக் குழைத்து, டேப்லட் முதுகில் ஒரு பொட்டும் வைத்துவிட்டாள்.

ராக்காயி கோபத்திலும் நியாயம் இருந்தது. போன ஐப்பசி மழையில் பூண்டு அழுகிப்போன பத்தொன்பது குடும்பத்துக்கு மேலிடத்திலிருந்து விதைப்பூண்டு தருவதாக ஏற்பாடு. கெடு முடியுறதுக்குள்ள பேர்ப் பட்டியல் போகணும். போகவில்லை. விதையும் வரவில்லை. செயலாளராக இருந்த சேனாதிபதியை வேலையை விட்டு எடுத்தார்கள். மனுசன் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போ கேரட் கழுவுற இடத்தில் மூட்டை கட்டுகிறார்.

ராக்காயி அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி. நிலம் தரிசாகக் கெடக்கு. அதனால்தான் விளக்குமாறு பிடிக்க வந்தாள். அவள் வீட்டுக்கும் ஜோதிமணி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஜோதிமணிக்குத் தெரியும்.

அன்றைக்குச் சேனாதிபதி கூட்டத்துக்காகத் திண்டுக்கல் போனார். பட்டியலை முடித்து அனுப்பிவிடும்மா என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். அப்போ ஆபீஸில் சிக்னல் கிடையாது. எதை அனுப்புறதுன்னாலும் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி, ஒரு மைல் நடந்து, ரோட்டு வளைவில் நின்றுதான் அனுப்பணும். சாயங்காலம் மேகம் தரையோட இறங்கிவிட்டது. வளைவில் ஒத்தைக் காட்டுமாடு. மூச்சு விடுகிற சத்தம் கேட்கிற தூரம். அப்படியே திரும்பி ஓடி வந்துவிட்டாள்.

கடைசி பஸ்ஸில் இறங்கிய சேனாதிபதி, அனுப்பியாச்சாம்மா என்று கேட்டார். அனுப்பிட்டேங்கய்யா என்றாள். காலையில வெள்ளனே போய் அனுப்பிக்கலாம்னு நினைப்பு. விடியுமுன்னே கெடு முடிந்துபோனது. அன்றைக்கு மூடிய வாயை அவள் திறக்கவே இல்லை.

அவள் பேரில் எழுதி, அனுப்பாமல் லேப்டாப்பிலேயே கெடந்த பட்டியல். இப்போ வரப்போகுது.

மனோஜ்குமார் மொழி கேட்ட இடத்தில் தமிழைத் தட்டினான். பாஸ்வேர்டைப் போட்டான். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பத்து சதவீதம். இருபது.

இந்நேரத்துக்குத் தினமும் கரண்டு போகும். இன்றைக்கென்று போகவில்லை.

நாற்பது. மேசையில் தண்ணி டம்ளர் இருந்தது. தெரியாமல் தட்டின மாதிரி தட்டிவிட்டால் என்ன? கை தன்னால் நகர்ந்தது.

“ஏத்தா, தட்டி விட்டுறாத. புதுச் சாமான்” என்று ராக்காயி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

எழுபது. தொண்ணூறு. வேலை போனால் போகட்டும். நாளைக்குக் காலையில் எந்த மூஞ்சியோட கதவைத் திறக்கிறது? நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துருச்சு” என்றான் மனோஜ்குமார்.

“படி தம்பி.”

“விதைப்பூண்டுப் பட்டியல். பத்தொன்பது பேரு. அனுப்புனது சேனாதிபதி. கெடு முடிஞ்ச மறுநாள், காலையில ஆறு பத்து.”

ஜோதிமணிக்குப் புரியவில்லை. மறுநாள் காலையிலா? அவரா? அப்போ அனுப்பாம கெடந்ததை அவர் பார்த்துட்டாரா?

“தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல அவரே எழுதியிருக்காரு, கேளுங்க. ‘பணியாளர் ஜோதிமணி பட்டியலை அன்றே முடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். அனுப்பத் தவறியவன் நான். அவரை விசாரிக்க வேண்டியதில்லை.’”

பயந்த மாதிரியே அவள் பேர் அதில் இருந்தது.

“பாத்தியா, அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்” என்றாள் ராக்காயி. “நல்லவேளை, உன்னய மாட்டிவிடாம விட்டானே பாவி.”

காறித் துப்ப வாசலுக்குப் போனவளின் கையை ஜோதிமணி எட்டிப் பிடித்தாள்.

“துப்புறதுன்னா இங்கன துப்புங்க மதினி. அன்னைக்கு அனுப்பாம வந்தது நான்.”