வெளியேறிய பின் செல்லும் பக்கம்

“நீங்களே படிங்க, வெப்சைட்காரரே. சத்தமாப் படிங்க.”

மேனேஜர் மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அந்தச் சிகிச்சை மையத்தின் இணையதளத்தைச் செய்துகொடுத்த நாளிலிருந்து அங்கே அவருக்கு வெப்சைட்காரர் என்றுதான் பெயர். அவசரம் என்று போன் வந்ததும் தலைகூட வாராமல் ஓடி வந்திருந்தார்.

“வந்தமைக்கு நன்றி. புது வரவு உங்களுக்காகக் காத்திருக்கிறது. மீண்டும் வருக.”

கடைசி இரண்டு வார்த்தைகளை முணுமுணுத்துத்தான் முடித்தார். அது ஒரு ஜவுளிக்கடைக்காக அவர் எழுதிய வாசகம். இதுவோ குழந்தை இல்லாதவர்கள் சிகிச்சைக்கு வரும் இடம்.

நடந்தது இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஜவுளிக்கடையின் தளத்தை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டுதான் இந்தத் தளத்தை ஆரம்பித்தார். துணிப் படங்களை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்தார். உள்ளே நுழைந்ததும் சிகிச்சைக்கு வருபவர்கள் தங்கள் ரிப்போர்ட்டுக்கும், டாக்டர்கள் அன்றைய பட்டியலுக்கும் போகும்படி மாற்றி, பத்துத் தடவை சோதித்தும் பார்த்தார். ‘வெளியேறிய பின் செல்லும் பக்கம்’ என்றிருந்த ஒரே ஒரு கட்டத்தைத் தொட மறந்துவிட்டார். இத்தனை நாளாக யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. வெளியேறு என்ற பொத்தானை முறைப்படி அழுத்திவிட்டுப் போகிற புண்ணியவான்கள் உலகத்தில் எத்தனை பேர்? வேலை முடிந்தால் அப்படியே மூடிவிட்டு எழுந்துபோகிற ரகம்தான் எல்லாரும்.

ஒருத்தி அழுத்தியிருக்கிறாள். எதிர் நாற்காலியில், மடியில் பெரிய கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. இதை எழுதியவர் யார், அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம். அதற்கு மேல் மேனேஜர் அவளைப் பேச விடவில்லை. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மன்னிப்பைக் கேட்டு அடைத்துக்கொண்டிருந்தார்.

கதவின் மேல்பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். அதில் ஓர் ஆணின் தலை இப்படியும் அப்படியும் போய் வந்துகொண்டிருந்தது.

“வீட்டுக்காரர்” என்று மேனேஜர் காதோடு சொன்னார். “வண்டியை நிறுத்திட்டு வந்தவர் உட்காரவே இல்லை. இருபது நிமிஷமா இதே நடைதான். எப்ப உள்ளே வந்து சண்டை பிடிப்பாரோ தெரியல.”

வெப்சைட்காரருக்கும் பயம்தான். இந்த வேலை கையை விட்டுப் போய்விடும் என்பது ஒரு பக்கம். ஒரே ஒரு ஜவுளிக்கடைத் தளத்தைக் காட்டிக்கொண்டு வாசல் வாசலாக அலைந்த காலத்தில் நம்பி வேலை கொடுத்தவர் இந்த மேனேஜர். இன்று வீட்டில் அடுப்பு எரிகிறதென்றால் அந்த மனிதரால்தான். அவரைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்பது அதைவிட அதிகமாக உறுத்தியது.

“தெரியாம நடந்துபோச்சுக்கா. இப்பவே உங்க கண் முன்னாலேயே அழிச்சிடறேன்” என்று மேனேஜரின் கம்ப்யூட்டரிலேயே அமைப்புகளைத் திறந்தார். அந்தக் கட்டத்தில் முகப்புப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தார். பழைய பக்கத்தை நீக்குவதற்கு மவுஸை நகர்த்தினார்.

“இருங்க, தம்பி” என்று அவள் கை நீட்டித் தடுத்தாள். குரல் உடைந்திருந்தது. “மூணாவது தடவையும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு, இனிமே இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு வெளியேறுங்கிறதைத் தேடிப் பிடிச்சு அழுத்தினேன். அப்பதான் இது வந்துச்சு. எனக்குன்னே யாரோ எழுதி வச்ச மாதிரி இருந்துச்சு. எவ்வளவு நேரம் அழுதேன்னு எனக்கே தெரியாது.”

மேனேஜர் அடுத்த மன்னிப்பை ஆரம்பித்தார். வெப்சைட்காரருக்குத் தலை நிமிரவில்லை. ஜவுளிக்கடைச் சமாச்சாரத்தை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அதற்குள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார். மேனேஜரும் வெப்சைட்காரரும் எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று எழுந்து நின்றார்கள்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்று அவர் கிசுகிசுத்தார். “இப்பத்தான் தூங்கினா.”

அவர் கையில் இருந்த பூந்துவாலைச் சுருளைப் பதமாக வாங்கி, அவள் வெப்சைட்காரரிடம் காட்டினாள்.

“காத்திருக்குன்னு நீங்க எழுதினதை நம்பித்தான் இன்னொரு தடவை வந்தேன், தம்பி. இதோ, புது வரவு.”