தொட்டிலை ஒட்டி ஜாஸ்

தியாகதுருகத்தில் மாடி வீட்டு ஆல்பினுக்கு ஜாஸ் என்றால் உயிர். சாக்ஸபோன் கலைஞர் ஒருவரின் பழைய ஆல்பம் ஒன்றைத்தான் சலிக்காமல் கேட்பான். அன்று அது போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு மகேஸ்வரியின் ஜன்னல் அதிர்ந்தது. பொறுக்க முடியாமல் படியேறிப் போனாள்.

சேலைத் தொட்டிலை ஒட்டி ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது.

“இன்னா தம்பி இது? கைக்குழந்தைய வச்சிக்கினு... கம்மி பண்ணு!”

“கொஞ்சம் இருங்கக்கா!” ஆல்பின் நிலைகொள்ளாமல் ஒலியை இன்னும் கூட்டினான். சாக்ஸபோன் வீறிட்டது.

அவன் மனைவி அனிட்டாவோ தடுக்காமல் சுவரோரம் நின்றாள்.

“நீயாவது சொல்லக்கூடாதா? இந்தச் சத்தத்துலயும் புள்ள தூங்குதே, பாவம்!”

அனிட்டா தொட்டில் சேலையை விலக்கிக் காட்டினாள்.

“தூங்கலக்கா. முழிச்சிக்கினுதான் இருக்கான். சத்தத்துக்கு ஒரு தபாகூட திரும்பல.”

மகேஸ்வரி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.